நோட்டா, கைப்பேசியா, சுவர்ப் பலகையா: வீட்டு வேலையை எங்கே எழுதுவது?

அன்றாட வேலைகளை ஒழுங்குபடுத்த நல்ல வழி எது என்று கேட்டால், உடனே ஒரு செயலியின் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். இல்லையென்றால் தடிமனான ஒரு டைரியைப் பரிந்துரைக்கிறார்கள். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கமிருந்து செங்கோட்டை ரயிலில் தினமும் வேலைக்கு வந்து போகிறவர்களிடமும் நான் பார்த்தவரை, டைரி இல்லாததால் யாருடைய வேலையும் கெட்டுப்போகவில்லை. சிலிண்டர் பதிய வேண்டும், பள்ளி வேன் கட்டணம் கட்ட வேண்டும், மாமனாரின் மாத்திரை வெள்ளிக்கிழமையோடு தீர்கிறது என்ற எல்லாமே வீட்டில் ஒரே ஒருவர் மனத்தில் மட்டும் இருக்கின்றன. அவர் இரண்டு நாள் ஊருக்குப் போனாலோ காய்ச்சலில் படுத்தாலோ வீடு தடுமாறிவிடுகிறது.

அதனால் விலை, வசதி, அழகு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வியை வைத்துத்தான் இந்த வழிகளை ஒப்பிடப் போகிறேன். இந்தப் பட்டியலை யார் யார் பார்க்க வேண்டும்? ஒருவர் மட்டும் பார்த்தால் போதும் என்றால் ஒரு விடை. நான்கு பேர் பார்க்க வேண்டும் என்றால் வேறு விடை.

எழுதுவதே எதற்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. முடிந்த வேலையைவிட முடியாத வேலை மனத்தில் அதிகம் தங்குகிறது என்று புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் 1927-இல் எழுதினார். அந்தத் தங்கல் எப்போதும் நன்மை செய்வதில்லை. குழம்பு தாளிக்கும்போது வங்கி வேலையும், வங்கியில் நிற்கும்போது குழம்பும் நினைவுக்கு வருவதற்கு அதுவும் ஒரு காரணம். மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 2011-இல் இதைச் சோதித்தார்கள். நிறைவேறாத வேலைக்கு எப்போது, எங்கே, எப்படி என்று திட்டவட்டமாகத் திட்டம் வகுத்தவுடன், அந்த வேலை முடியாமலிருந்தும் மனத்தைக் குடைவது குறைந்ததை அவர்கள் கண்டார்கள். இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பயன் எளியது. ‘மின்கட்டணம்’ என்று மட்டும் எழுதிவைத்தால் பாரம் அப்படியே இருக்கும். ‘புதன் இரவு சாப்பிட்டதும் மின்கட்டணம்’ என்று எழுதினால் பாரம் இறங்கும். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இப்படி எழுதுவதற்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

தாளும் நோட்டும்

நம் வீடுகளில் தினசரி காலண்டர் தொங்காத சுவர் குறைவு. நல்ல நேரம், ராகு காலம் பார்த்துவிட்டுக் கிழித்த தாளின் வெற்றுப் பின்பக்கத்தில் மளிகைச் சிட்டை எழுதுவது நம் பாட்டிகள் காலத்துப் பழக்கம். இதை நான் பெரிதாக மதிக்கிறேன். அந்தத் தாளில் இடம் கொஞ்சம்தான். ஐந்தாறு வேலைக்கு மேல் எழுத முடியாது, ஒரு நாளில் அதற்கு மேல் செய்யவும் முடியாது. மனத்தில் ஒரே நேரத்தில் ஏறக்குறைய நான்கு விஷயங்களைத்தான் ஏந்திக்கொள்ள முடியும் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-இல் தொகுத்துக் காட்டினார். சின்னத் தாள் நம்மைத் தானாகவே அந்த வரம்பை ஒட்டி நிறுத்துகிறது.

குறையும் அதே அளவுக்கு உண்டு. தாள் காற்றில் பறக்கும், சட்டைப் பையோடு துவைக்கப்போகும். இன்றைக்கு மட்டும்தான் அது பயன்படும். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி செய்ய வேண்டியதை இன்றைய தாளில் எழுதிப் பயனில்லை.

நாற்பது பக்க நோட்டு அந்தக் குறையைப் பாதி தீர்க்கிறது. நோட்டிலும் பலம் கையால் திரும்ப எழுதுவதில்தான் இருக்கிறது. இன்று முடியாததை நாளைய பக்கத்துக்கு நீங்களே எழுதிக் கொண்டுபோக வேண்டும். ‘பரண் சுத்தம் செய்வது’ என்று நான்காவது முறையாக எழுதும்போது, இது உண்மையிலேயே வேண்டுமா, வேண்டுமென்றால் ஏன் தள்ளிப்போகிறது என்று கை நின்று கேட்கும். கைப்பேசியில் அந்த வேலை தானாகவே நாளைக்கு நகர்ந்துவிடும், கேள்வி எழாது. தனியாக வாழ்பவருக்கும், வங்கி, பள்ளி, அலுவலகம் என்று தன் வேலையைத் தானே செய்து முடிக்க வேண்டியவருக்கும் நோட்டுதான் முதல் தேர்வு என்பது என் முடிவு. ஆனால் வீட்டு வேலைக்கு நோட்டு பொருந்தாது. மூடிய நோட்டை எழுதியவர் மட்டும்தான் திறக்கிறார். பட்டியல் தலையிலிருந்து நோட்டுக்கு இடம் மாறுகிறது, பொறுப்பு அதே ஒருவரிடம் நின்றுவிடுகிறது.

கைப்பேசி

கைப்பேசியை எதிர்ப்பவள் அல்ல நான். சில வேலைகளுக்கு அதற்கு ஈடான வழியே இல்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. கணக்கெடுத்த நாளிலிருந்து 20 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வருகிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் மாத இறுதிக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. காப்பீட்டுத் தவணை, வண்டியின் காப்பீடு புதுப்பித்தல், குழந்தையின் தடுப்பூசி என்று இந்த வரிசை நீளும். இவை எல்லாம் நீண்ட இடைவெளியில் திரும்பத் திரும்ப வருபவை, தவறினால் பணமோ உடல்நலமோ இழக்க வைப்பவை. தேதியைக் குறித்து மணி அடிக்க வைப்பதற்குக் கைப்பேசி காலண்டர் போதும். தனிச் செயலிகூடத் தேவையில்லை.

அதற்கு மேல் கைப்பேசியை நம்புவதற்கு மூன்று தடைகளைப் பார்க்கிறேன். முதலாவது, பட்டியலைப் பார்க்கக் கைப்பேசியைத் திறந்தால் பட்டியல் மட்டும் கண்ணில் படுவதில்லை. நடுவில் வேறொன்றைத் தொட்டுவிட்டுத் திரும்பினால், மனத்தின் ஒரு பகுதி அங்கேயே ஒட்டிக்கொண்டு நிற்பதை ஸோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் விளக்கினார். துவரம்பருப்பு வாங்க வேண்டுமா என்று பார்க்கப் போனவர் கால்மணி நேரம் கழித்துத் திரும்புவது எல்லார் வீட்டிலும் நடப்பதுதான்.

இரண்டாவது, செயலிகளுக்கு ஆயுள் உறுதி இல்லை. உலகெங்கும் பலர் நம்பி வைத்திருந்த ‘வுண்டர்லிஸ்ட்’ என்ற பட்டியல் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015-இல் வாங்கி, 2020 மே மாதம் மூடிவிட்டது. அதில் எழுதி வைத்தவர்கள் எல்லாவற்றையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

மூன்றாவதை நெல்லைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் அறுந்து கிடந்தன. உறவினர் எண், மருத்துவர் எண், மாத்திரையின் பெயர் எல்லாம் அணைந்துபோன ஒரு கருவிக்குள் இருந்தால் என்ன ஆகும் என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன. அவசரத்துக்கு வேண்டியவற்றை மட்டுமாவது ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். இதற்கு மாற்று யோசனை எனக்கு இல்லை.

பகிர்ந்து பார்க்கும் வசதி செயலிகளில் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. கூகுள் கீப் என்ற குறிப்புச் செயலியில் ஒரு பட்டியலை இருவர் பகிர்ந்துகொண்டால், ஒருவர் கடையில் நின்று டிக் அடிப்பது மற்றவருக்கும் தெரியும். தமிழில் பேசினாலே எழுத்தாகும் வசதியும் இருப்பதால், தட்டச்சுக்குத் தயங்கும் பெரியவர்களும் பயன்படுத்தலாம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போய், மாலையில் யார் முதலில் வண்ணாரப்பேட்டையைக் கடக்கிறாரோ அவர் காய்கறி வாங்கும் வீட்டுக்கு இது அருமையான ஏற்பாடு. ஆனால் இருவருமே அதைத் திறந்து பார்க்க வேண்டும். வீட்டில் எழுபது வயதுப் பெரியவரும் பத்து வயதுப் பிள்ளையும் இருந்தால் அவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகிறார்கள்.

வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் வேலையைப் போடுவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். காலை வணக்கங்களுக்கும் கல்யாணப் புகைப்படங்களுக்கும் அடியில் அது புதைந்துவிடும். யாரோ பார்த்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைப்பார்கள்.

சுவர்ப் பலகை

என் விருப்பம் இதுதான், அதனால் இதைப் பற்றி அதிகம் சொல்கிறேன்.

ஜப்பானில் டொயோட்டா ஆலையில் தைச்சி ஓனோ வளர்த்தெடுத்த ‘கான்பான்’ முறையில், எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை எல்லாரும் காணும்படி அட்டைகளில் காட்டுவார்கள். பிறகு மென்பொருள் நிறுவனங்கள் அதை மூன்று பத்திகள் கொண்ட பலகையாக்கின. செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது. வீட்டுக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சிறிய வெள்ளைப் பலகை போதும். நடுப்பத்திக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: ஒருவர் பெயரில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் பலகை வெறும் அலங்காரம்.

இது ஏன் வீட்டுக்கு அவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு தரவுகளைச் சொல்ல வேண்டும். 2019-இல் இந்திய அரசின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாகத் தெரியவந்தது. அது கையால் செய்யும் வேலையின் கணக்கு. அதே ஆண்டில் அமெரிக்கச் சமூகவியலாளர் அலிசன் டாமிங்கர் 35 தம்பதிகளிடம் பேசி, மனத்தால் செய்யும் வீட்டுவேலையை நான்காகப் பிரித்துக் காட்டினார். தேவையை முன்கூட்டி உணர்வது, வழிகளைத் தேடுவது, முடிவெடுப்பது, முடிந்ததா என்று கண்காணிப்பது. முடிவெடுப்பதில் ஆண்கள் ஏறக்குறைய சமமாகப் பங்கேற்கிறார்கள். முன்கூட்டி உணர்வதும் கண்காணிப்பதும் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழுகின்றன. எந்த ஊர் வீட்டுக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன். “சொல்லியிருந்தால் நான் செய்திருப்பேனே” என்று சொல்லாத கணவரை எனக்குத் தெரியாது. சொல்வதே ஒரு வேலை என்பதும், அந்த வேலையும் அவளுடையதாகவே ஆகிவிடுகிறது என்பதும் அந்த வாக்கியத்தில் மறைந்துபோகின்றன.

முன்கூட்டி உணர்வது, கண்காணிப்பது என்ற அந்த இரண்டு கடமைகளையும் பலகை சுவருக்கு மாற்றிவிடுகிறது. அரிசி அடிப்பாகத்துக்கு வந்துவிட்டதைக் கண்டவர் யாரோ அவரே எழுதுகிறார். எடுத்துக்கொண்டவர் தன் பெயரைப் போடுகிறார். முடிந்ததா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை, பலகையே சொல்லும். பிள்ளைகளுக்கு இது இன்னும் நல்லது. அம்மா நூறு முறை சொன்னதற்கு அசையாத பையன், தன் பெயருக்கு எதிரே முடியாமல் நிற்கும் வேலையைத் தாத்தா தினமும் பார்க்கிறார் என்றால் அசைவான்.

எங்கே மாட்டுவது என்பதில் கவனம் வேண்டும். முன்னறையில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லாம் படிப்பார்கள், அதனால் முக்கியமானதை வீட்டார் எழுதத் தயங்குவார்கள். சாப்பிடும் இடத்துக்கும் அடுப்படிக்கும் நடுவே, எல்லாரும் தினமும் இரண்டு முறையாவது கடக்கும் இடமே சரி. வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி இல்லையென்றால் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் போதும்.

பலகையின் குறைகளையும் மறைக்கவில்லை. வெளியே போகும்போது கூட வராது. மணி அடிக்காது. பணம், மருத்துவம் போன்ற அந்தரங்க விஷயங்களை எழுத முடியாது. எல்லாவற்றையும்விட, வீட்டில் ஒருவர் மட்டும் எழுதி மற்றவர்கள் படிக்கும் நிலைக்கு அது போய்விட்டால், பழைய சுமை புதிய இடத்தில் தொடரும்.

தேதி இல்லாத வேலைகள்

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த வகை. இன்ன நேரத்தில் செய்ய வேண்டியது ஒரு வகை நினைவு, இன்னது நடந்ததும் செய்ய வேண்டியது இன்னொரு வகை என்று ஐன்ஸ்டீன், மெக்டேனியல் ஆகிய உளவியலாளர்கள் 1990-இல் பிரித்தார்கள். நெல்லைச் சீமையின் வாழ்க்கையில் இரண்டாவது வகை ஏராளம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் பக்கம் வயல் வைத்திருப்பவருக்குப் பிசான நெல் சாகுபடி எந்தத் தேதியில் தொடங்கும் என்று கைப்பேசி சொல்ல முடியாது. பாபநாசம் அணையில் தண்ணீர் எவ்வளவு, கால்வாய் எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்தது அது. விதைநெல், உழவு வண்டி, நாற்றங்கால், நடவு ஆட்கள், உரம் என்று ஒரு வரிசையே ‘தண்ணீர் திறந்ததும்’ என்ற ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. வயல் இல்லாத வீட்டுக்கும் இப்படிப்பட்டவை உண்டு. குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வெளியூர் உறவினர் வருவார்கள். நெல்லையப்பர் கோவில் ஆனித் தேரோட்டத்துக்கு வீடு நிறையும். பாய், தலையணை, கூடுதல் பால் என்று அதற்கும் ஒரு வரிசை இருக்கிறது.

இதற்குக் கைப்பேசியில் ஏதோ ஒரு தேதியைப் போட்டு வைத்தால், அது தவறான நாளில் அடிக்கும். இரண்டு முறை அடித்தபின் அதை மதிப்பதையே விட்டுவிடுவோம். பலகையின் ஓரத்தில் ‘இது நடந்ததும்’ என்று ஒரு சிறு கட்டம் ஒதுக்கி, அங்கே எழுதுவதே எனக்குச் சரியாகப் படுகிறது. விவசாயி என்றால் நோட்டின் கடைசிப் பக்கத்தில், போன போகத்தில் எதற்கு எவ்வளவு நாள் பிடித்தது என்ற குறிப்போடு சேர்த்து எழுதலாம். அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்துக்கு விலை மதிப்பில்லை.

மணிக்கணக்கு அட்டவணை

கடைசியாக, வேலையைப் பட்டியலாக எழுதாமல் நேரமாக வெட்டுவது. பிரான்செஸ்கோ சிரில்லோ 1980-களின் இறுதியில் உருவாக்கிய ‘பொமொடோரோ’ முறை, 25 நிமிடம் வேலை, பிறகு ஒரு சிறு இடைவேளை என்பது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பாளையங்கோட்டை மாணவர்களுக்கு இது நன்றாக உதவும். எட்டு மணி நேரம் படிக்கப் போகிறேன் என்று உட்காருவதைவிட இருபத்தைந்து நிமிடம் உட்காருவது எளிது. உட்கார்ந்தபின் அடுத்த இருபத்தைந்தும் எளிது.

ஆனால் நாள் முழுவதையும் ஆறரைக்கு இது, ஏழே காலுக்கு அது என்று எழுதிவைக்கும் அட்டவணையை நான் நம்பவில்லை. ரோஜர் பியூலரும் உடன் ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று கணித்தார்கள். எல்லாமே தப்பாகப் போனால் 48.6 நாள் ஆகும் என்றார்கள். உண்மையில் ஆனது 55.5 நாள். மோசமான கணிப்பைக்கூட நிஜம் தாண்டிவிட்டது. ஆகவே நேரத்தைக் குறிப்பதென்றால் நாளில் ஒன்றிரண்டு வேலைக்கு மட்டும் குறியுங்கள், அதையும் நினைத்ததைப் போல ஒன்றரை மடங்காகக் குறியுங்கள்.

மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்த மணிக்கணக்கு முறையைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அவர்கள், கட்டுக் கணக்கிலேயே நாளை வெட்டி வைத்திருக்கிறார்கள். இத்தனை கட்டு முடிந்ததும் உலை, இத்தனை முடிந்ததும் பிள்ளையைக் கூப்பிடப் போவது என்று. அவர்களுக்கு வேண்டியது நடுவில் வரும் வீட்டு வேலையை வேறொருவர் எடுத்துக்கொள்வது. அதற்கு மறுபடியும் பலகையிடம்தான் போக வேண்டும்.

இனி நான் என்ன தேர்ந்தெடுப்பேன் என்று கேட்டால்: தனியாக இருப்பவருக்கு நோட்டும், தேதிக்கு மட்டும் கைப்பேசி மணியும். தேர்வெழுதும் மாணவருக்கு ஒரு தாளும் 25 நிமிடக் கணக்கும். இருவர் மட்டும் உள்ள, இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்குப் பகிர்ந்த செயலி. மூன்று பேரோ அதற்கு மேலோ இருக்கும் எந்த வீட்டுக்கும் சுவர்ப் பலகை, அதோடு மின்கட்டணம், சொத்து வரி போன்றவற்றுக்குக் கைப்பேசி மணி. அந்த மணி வீட்டில் இரண்டு பேர் கைப்பேசியிலாவது அடிக்க வேண்டும், அதில் ஒன்று நிச்சயம் குடும்பத் தலைவருடையதாக இருக்க வேண்டும்.

பலகை வைக்க முடிவு செய்தவர்கள் முதல் வாரத்தில் ஒரு காரியம் செய்யுங்கள். இதுவரை எல்லாவற்றையும் நினைவில் வைத்திருந்தவர் அந்த வாரம் பேனாவைத் தொடக் கூடாது. மற்றவர்களே எழுதட்டும். முதல் இரண்டு நாள் பலகை பாதி காலியாக இருக்கும், சில வேலைகள் தவறும், ஒரு நாள் தயிர் இல்லாமலும் சாப்பிட நேரலாம். தவறியது என்ன என்பதை அன்றிரவே தவறவிட்டவர் பலகையில் எழுதட்டும். வாரம் முடியும்போது அந்தப் பட்டியலை எல்லாரும் உட்கார்ந்து பங்கு போட்டுக்கொள்ளுங்கள். மாதத்துக்கு ஒருவர் என்று பலகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் சுற்றி வரட்டும். மூன்று வாரமாக அசையாமல் நிற்கும் வேலையை அழித்துவிடும் உரிமை அந்த மாதத்துப் பொறுப்பாளருக்கு உண்டு.